பாதி நிறைந்த தாங்கி

அக்கா இறந்து சில வாரங்களில், புதிதாகச் சேர்ந்த முதல் வருட மாணவர்களுக்குக் 'கவிழ்தலும் வழுக்குதலும்' என்ற பாடத்தை நான் நடத்த வேண்டியிருந்தது.

அடிப்படை இயந்திரவியலில் அது ஒரு சின்னப் பகுதி. தரையில் நிற்கும் பொருளைப் பக்கவாட்டில் தள்ளினால் அது வழுக்கி நகருமா, இல்லை ஓரத்தில் ஊன்றிக் கவிழுமா என்று கண்டுபிடிப்பதுதான் விஷயம். முன்பெல்லாம் அந்தப் பாடத்தை நான் சிரித்துக்கொண்டே நடத்துவேன். வகுப்பின் மூலையில் நிற்கும் இரும்பு அலுமாரியை யாராவது ஒரு மாணவனை அழைத்து அடிப்பக்கத்தில் தள்ளச் சொல்வேன். அது கிறீச்சென்று நகரும். பிறகு தலைமட்டத்தில் கை வைத்துத் தள்ளச் சொல்வேன். நகராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சாயும். முன்வரிசைப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் போவார்கள். அவ்வளவுதான் பாடம், மற்றதெல்லாம் கணக்கு என்பேன்.

அந்த வருடம் அலுமாரியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் படிப்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரி டவுனில் இருக்கிறது. நான் பிறந்தது யட்டியாந்தோட்டைக்கு மேலே, மலையோரமாக இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில். வார நாட்களில் டவுனில் ஒரு வாடகை அறையில் இருப்பேன். சனிக்கிழமை பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய்விடுவேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அக்காவின் ஒற்றையறைக் காம்பராதான் எனக்கு வீடு. அக்கா பால் வெட்டுபவள். விடியும் முன்னே கத்தியும் வாளியுமாக, மலை என்று நாங்கள் சொல்லும் ரப்பர்க் காட்டுக்கு இறங்கி, மரம் மரமாகப் பட்டை சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்த்துக்கொண்டு வருவாள். நான் படித்தது அந்தக் கத்தியால்தான்.

அவள் இறந்தது ஒரு மழைநாளில். காலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. காயும்வரை காத்திருந்து, நேரம் கழித்துத்தான் அன்று மலைக்கு இறங்கினார்கள். பால் குறைவாகவே வந்தது. கொட்டகையில் நிறுத்து ஊற்றியபோது, டிராக்டர் இழுத்துப்போகும் இரும்புத் தாங்கி, அந்தப் பால் டேங்க், பாதிதான் நிறைந்தது. அங்கிருந்து லயத்துக்கு நல்ல தூரம். எல்லோரும் வழக்கமாகச் செய்வதுபோல அக்காவும் மற்றப் பெண்களும் காலி வாளிகளோடு தாங்கியின் பக்கவாட்டில் இருந்த பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். கோயிலுக்குக் கீழே பாதை ஒரு வளைவு வளைந்து இறங்கும். அந்த வளைவில் தாங்கி பள்ளத்துப் பக்கமாகக் கவிழ்ந்தது. மேட்டுப் பக்கம் இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கை முறிந்தது. அக்கா பள்ளத்துப் பக்கம் இருந்தாள்.

அக்காவின் கணவர், அத்தான்தான் எனக்குப் போன் பண்ணினார். "நீ ஆஸ்பத்திரிக்கு வந்துரு" என்றார். நான் போனபோது அவர் சவக்கிடங்குக்கு வெளியே, பிள்ளைகள் இருவரையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

உடலை லயத்துக்குக் கொண்டுவந்த பிறகு குளிப்பாட்டும் பெண்களோடு நானும் இருந்தேன். ரப்பர் பால் காய்ந்தால் தோலாகிவிடும். அக்காவின் முகத்திலும் கழுத்திலும் அது உரித்தால் வந்தது. தலைமுடியில் வரவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்தோம். மண்ணெண்ணெய் நனைத்துப் பார்த்தோம். முடி முழுக்க ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. பால் உறையாமல் இருக்கத் தாங்கியில் ஊற்றும் அமோனியாவின் நெடி கண்ணைக் கரித்தது. கடைசியில் ஒருத்தி கத்திரிக்கோல் கொண்டுவரச் சொன்னாள். வெளியே இருந்த அத்தானுக்கு அது கேட்டுவிட்டது.

"முடியில கைய வைக்காதீங்க" என்று கத்தினார். "அவ முடிய வெட்டாதீங்க."

வெட்டவில்லை. சேலைத் தலைப்பால் மூடிக் கட்டினோம். அப்படியே அடக்கம் செய்தோம்.

தோட்டத்து மேலாளரான தொரை சாவுக்கு வந்திருந்தார். பெட்டிக்கும் பந்தலுக்கும் தோட்டமே ஏற்பாடு செய்தது. அவர் அத்தானின் தோளில் கை வைத்து, டிரைவர் வேகமாக வந்திருக்கிறான், அவன்மீது நிச்சயம் நடவடிக்கை எடுப்போம் என்று சிங்களத்தில் சொன்னார். அத்தான் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குள் பொலிஸ் டிரைவரைக் கூட்டிப்போயிருந்தது.

டிரைவர் எங்களுக்கு அந்நியர் இல்லை. அதே லயத்தின் கடைசிக் காம்பரா அவருடையது. சின்ன வயதிலிருந்து நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். அவர் மகள் என்னை அத்தை என்பாள். பிணையில் வெளியே வந்த பிறகு அவர் காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. லயமே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு, எல்லோரும் போய் வந்த பிறகுதான் அவர் மனைவி போனாள். அத்தான் அந்தப் பக்கம் பார்த்துக் காறித் துப்புவதை நான் ஒருமுறை பார்த்தேன். அவர் அப்படிச் செய்யும் மனிதர் இல்லை.

எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. வேகமாக வந்தால் வளைவில் கவிழும். அது நானே கரும்பலகையில் எழுதுவது. ஆனால் அந்தப் பாதையில், அந்தப் பழைய டிராக்டரில், எவ்வளவு வேகமாகத்தான் வர முடியும் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

புதுத் தவணை தொடங்கிய நாளில், நான் வகுப்பில் நிற்கும்போது வாசலில் டிரைவரின் மகள் வந்து நின்றாள். அவள் விண்ணப்பித்ததும் தேர்வானதும் விபத்துக்கு முன்னால். அவளுக்கு அந்தக் கல்லூரியைச் சொன்னதே அக்காதான். "ஒங்க அத்தைதானே அங்க படிப்பிக்கிறா, பயப்படாமப் போ" என்று சொல்லியிருந்தாளாம். என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை ஒரு அடி பின்னால் போனாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று நினைத்தேன்.

"உள்ள வந்து உட்காரு" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்றாள்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வகுப்பில் பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். நான் சிங்களத்தில் நடத்திவிட்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்காக முக்கியமானதை மட்டும் தமிழில் ஒருதரம் சொல்வேன். அவளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் தமிழில் சொல்லும்போதுதான் நிமிர்ந்து பார்ப்பாள். வாரங்கள் போயின. நாங்கள் இருவரும் பாடத்துக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பிறகு அந்தப் பாடம் வந்தது.

அலுமாரியை நான் தொடவில்லை. கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்து, அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். பொருளின் முழுப் பாரமும் இந்தப் புள்ளியில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம், இதுதான் புவியீர்ப்பு மையம் என்றேன். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தேன். கோடு அடித்தளத்துக்குள் விழும்வரை பொருள் நிற்கும். பெட்டியைச் சாய்க்கச் சாய்க்கக் கோடு ஓரத்தை நோக்கிப் போகும். ஓரத்தைத் தாண்டிய நொடியில் பெட்டி கவிழும். அடி அகலமாகவும் புள்ளி தாழ்வாகவும் இருந்தால் கவிழ்ப்பது கஷ்டம். அடி ஒடுங்கிப் புள்ளி உயர்ந்தால் சுலபம். இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கேள்வி இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டேன். கடைசி வரிசையில் அவள் எழுந்து நின்றாள். எல்லோரும் இருக்கும்போது தமிழிலேயே கேட்டாள்.

"மிஸ், உள்ள இருக்கிறது தண்ணி மாதிரி ஆடுற சாமானா இருந்தா, அந்தப் புள்ளி எங்க இருக்கும்?"

சிங்களப் பிள்ளைகள் என்ன கேட்டாள் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று நன்றாகத் தெரிந்தது.

"அது பாடத்திட்டத்தில இல்ல" என்றேன். "பார்த்துட்டுச் சொல்றேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து அதைச் செய்து பார்த்தேன். ஒரே அளவில் இரண்டு சதுர பிஸ்கட் டின்கள் இருந்தன. ஒன்றில் பாதிவரை தண்ணீர் ஊற்றினேன். மற்றதில் மரத்தூள் கலந்த மணலை அதே எடைக்கும் அதே மட்டத்துக்கும் போட்டேன். வீட்டுக்காரம்மாவின் சமையல் தராசை வாங்கித்தான் நிறுத்தேன். இரண்டையும் ஒரு பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வழுக்காமல் இருக்க அடியில் மெல்லிய சட்டம் ஒன்று அடித்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கினேன். தண்ணீர் டின்தான் முதலில் விழுந்தது. மணல் டின் அசையாமல் நின்றது. தண்ணீரைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அதுதான்.

காரணம் சிக்கலானது இல்லை. சாயும்போது மணல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. அதோடு சேர்ந்து பாரமும் அந்தப் பக்கம் போய்விடுகிறது. கோடு ஓரத்தைத் தாண்டச் சாய்வு அதிகம் தேவையில்லை. தாங்கி நிரம்பியிருந்தால் திரவம் ஓட இடம் இருக்காது. பாதி இருக்கும்போதுதான் ஓடும். வளைவில் திரும்பும்போது எப்படியும் எல்லாம் வெளிப்பக்கம் தள்ளப்படும். அந்த வளைவின் வெளிப்பக்கம் மழை அரித்துத் தாழ்ந்துபோயிருந்தது எனக்குத் தெரியும். வெளிப்பக்கப் பலகையில் அக்கா உட்கார்ந்திருந்தாள் என்பதும் தெரியும். தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே நிறைய நேரம் அழுதேன்.

அடுத்த வகுப்பில் அந்த இரண்டு டின்களையும் கொண்டுபோய் எல்லோருக்கும் செய்து காட்டினேன். பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள். பெட்ரோல் ஏற்றும் பவுசர் லொறியெல்லாம் எப்படி விழாமல் போகிறது என்று ஒரு சிங்களப் பையன் கேட்டான். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள், அதனால் திரவம் ஒரே பக்கமாக ஓடாது என்றேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் இருந்தாள்.

"எங்கப்பா ஸ்பீடா போகல மிஸ்" என்றாள். "பாலு இழுத்துருச்சுன்னு அன்னைக்கே சொன்னாரு. பொலிஸ்லயும் சொன்னாரு. யாரும் காதுல வாங்கிக்கல."

"நீ இத எனக்குச் சொல்லத்தான் அந்தக் கேள்விய கேட்டியா?"

"இல்ல மிஸ். எனக்கே தெரியல. எங்கப்பா சொல்றது நெசமா, பொய்யான்னு எனக்கே தெரியல. அதுனாலதான் கேட்டேன்."

அவள் கண்கள் வற்றியிருந்தன. அவ்வளவு சின்னப் பிள்ளை, தன் தகப்பனை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, அவர் வண்டியில் செத்தவளின் தங்கையிடம் கேள்வி கேட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை நான் லயத்துக்குப் போகாமல் நேரே தோட்டத்து ஸ்டோருக்குப் போனேன். பாலை உறையவைத்து ஷீட் போடும் தொழிற்சாலையைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். விபத்தில் நசுங்கிய தாங்கியைப் பின்முற்றத்தில் புல்லுக்குள் போட்டிருந்தார்கள். நான் யார் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். யாரும் தடுக்கவில்லை. ஸ்டோரில் வெல்டிங் வேலை செய்பவர் மட்டும் என் பின்னாலேயே வந்து நின்றார்.

மேல்மூடியைத் திறந்து போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். உள்சுவரில் வரிசையாக இரும்புத் துண்டுகள் துருத்திக்கொண்டு நின்றன. ஏதோ ஒரு காலத்தில் அங்கே தகடுகள் இருந்திருக்கின்றன. யாரோ அவற்றை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"இதுக்குள்ள தடுப்பு இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு டீச்சர்" என்றார் அவர். "ஒறஞ்சுபோன ஒட்டுப்பாலு அதுல புடிச்சுக்கும். கழுவணும்னா ஆளு உள்ள இறங்கிச் சொரண்டணும். நாத்தம் தாங்க முடியாது, மூச்சு முட்டும். கழுவுற ஆளுகளக் கொறச்சாங்க. அப்பறம் தகட வெட்டிரச் சொன்னாங்க. நாந்தான் வெட்டுனேன்."

"யார் சொன்னது?"

அவர் ஸ்டோரைத் திரும்பிப் பார்த்தார். "மேல இருந்து சொன்னாங்க. நான் கேக்கல." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னைய எங்கயும் கூப்புட்றாதீங்க டீச்சர். எனக்கும் மூணு புள்ளைங்க" என்றார்.

நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலத் திரும்பி நின்றார்.

லயத்துக்குப் போனபோது அத்தான் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். அக்கா இருந்தவரை அவர் அடுப்படிக்கு வந்தது கிடையாது. புகையில் கண் சிவந்திருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மணல் டின்னைச் சொன்னேன், தண்ணீர் டின்னைச் சொன்னேன், வெட்டப்பட்ட தகடுகளைச் சொன்னேன். அவர் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவன் மேல தப்பு இல்லங்கிறியா?"

"பொம்பளைங்கள ஏத்தாம இருந்திருக்கலாம். ஆனா எல்லா டிரைவரும் ஏத்துனாங்க, தொரைக்கும் அது தெரியும். இது ஸ்பீடுனால கவுந்தது இல்ல அத்தான். மெதுவா போனாலும் கவுந்திருக்கும்."

அவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"நீ படிச்சவ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா நான் யார் மேல கோவப்படுறது, சொல்லு. தொரை மேலயா? நாளைக்கே வேலையில இருந்து பேரு வெட்டிருவாங்க, இந்தக் காம்பராவ விட்டு எறங்கச் சொல்லுவாங்க. இந்த ரெண்டையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? இவன் மேலதான் என்னால கோவப்பட முடியும். அதயும் நீ புடுங்கிக்கிட்டுப் போகப் பாக்குறியா?"

மூத்த பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அத்தான் எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டோம். அதன் பிறகு நெடுநாள் அவர் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு நடந்தேன். வாசல்களில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். டிரைவர் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னது சரிதான்" என்றேன். "பால்தான் இழுத்திருக்கு. டேங்குக்குள்ள தகட வெட்டிட்டாங்க. நான் பார்த்தேன். வக்கீல்கிட்ட சொல்லுவோம். நானே வந்து சொல்றேன்."

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மகள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி" என்றார் கடைசியில். "நான் குத்தத்த ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். வக்கீலய்யாதான் சொன்னாரு. ஒத்துக்கிட்டா ஜெயிலுக்குப் போகாம முடிச்சிரலாமாம். இல்லன்னா வருசக்கணக்கா இழுக்குமாம். தோட்டத்த எதுத்துக்கிட்டு எப்பிடி இங்க இருக்குறது?"

"செய்யாத குத்தத்தயா?"

"செத்துப்போச்சே தங்கச்சி. என் வண்டியிலதானே செத்துப்போச்சு. அந்தப் பலகைய புடிச்சுக்கிட்டு, அண்ணே பாத்துப் போங்கன்னு சொல்லிக்கிட்டுதான் ஏறுச்சு. தகடு இருந்துச்சு இல்லேங்கிறதெல்லாம் எனக்கு எதுக்கு?"

அவர் அழவில்லை. மகள்தான் வெடித்தாள். "அப்பா, அத்த சொல்றதக் கேளுங்கப்பா. ஒரு தடவ சொல்லிப் பாருங்கப்பா." அவர் கையை மட்டும் அசைத்து அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

இருந்தாலும் நான் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சின்ன அறை. அவர் என் போனில் இருந்த படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். வாகனப் பரிசோதகர் பிரேக்கும் டயரும் நல்ல நிலையில் இருந்ததாகச் சொல்லிவிட்டார், தாங்கிக்குள் என்ன இருந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் மாட்டார்கள் என்றார். நீங்கள் இறந்தவரின் தங்கைதானே, பிறகு ஏன் இதற்கு மெனக்கெடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அந்தத் தாங்கி மறுமுறை நான் போனபோது முற்றத்தில் இல்லை. பழைய இரும்புக்காரன் வந்து வெட்டி ஏற்றிப்போய்விட்டான் என்று சொன்னார்கள். அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா, வழக்கமாகச் செய்வதா என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் பழைய இரும்பு எப்போதும் அப்படித்தான் போகும்.

வழக்கு நடந்த அன்று நான் போயிருந்தேன். அத்தானும் வந்திருந்தார், என் பக்கத்தில் உட்காராமல் வேறு பெஞ்சில். எல்லாம் சிறிது நேரத்தில் முடிந்துவிட்டது. குற்றச்சாட்டைப் படித்தார்கள். டிரைவர் தலைகுனிந்து ஒத்துக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனை, சாரதி அனுமதிப்பத்திரம் ரத்து. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்ததும் அத்தான் டிரைவருக்கு எதிரில் போய் நின்றார். அடித்துவிடுவாரோ என்று நான் ஓடினேன். அவர் அடிக்கவில்லை. சற்று நேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா" என்றார்.

டிரைவருக்குத் தோட்டத்தில் வண்டி வேலை போய்விட்டது. பால் வெட்ட மலைக்கு இறங்கினார். கை பழகாததால் மரத்தைக் காயப்படுத்துகிறார் என்று கங்காணி ஏசுவதாகச் சொன்னார்கள். வீட்டில் வருமானம் விழுந்ததும் மகள் படிப்பை நிறுத்தினாள். நான் கல்லூரி முதல்வரிடம் பேசி, அவளுக்கு விடுதி இலவசமாகக் கிடைக்க வழிசெய்து, அவளைத் தேடிப் போனேன். அவள் அதற்குள் அவிசாவளைப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள்.

"ஒரு வருசம் பொறு, பரீட்சைய எழுதிட்டுப் போ" என்றேன்.

"தம்பி படிக்கட்டும் மிஸ்" என்றாள். "நான் இனி அந்த வகுப்புல உட்கார்ந்தா எனக்கு வேற ஒன்னும் மண்டையில ஏறாது."

நான் வற்புறுத்தவில்லை. அவளுடைய கையெழுத்து அழகானது. கணக்குகளைப் படம் போட்டுத்தான் தொடங்குவாள். அந்த வகுப்பில் அவளளவுக்கு யாரும் கேள்வி கேட்கவில்லை.

அதன் பிறகு நான் ஒவ்வொரு வருடமும் பாடத்திட்டத்தில் இல்லாத அந்தத் திரவப் பகுதியையும் சேர்த்து நடத்துகிறேன். பரீட்சைக்கு வருமா மிஸ் என்று கேட்பார்கள். வராது என்பேன். பாதிப் பேர் பேனாவை மூடிவிடுவார்கள். ஒருமுறை என் மேலதிகாரி, நேரம் போதவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எதற்கு இது என்று கேட்டார். எங்கள் பக்கம் இப்படி ஒரு விபத்து நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

அத்தான் இப்போது என்னோடு பேசுகிறார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, கூரைத் தகரம் ஒழுகுவதைப் பற்றி. அந்த விஷயத்தை மட்டும் நாங்கள் இருவரும் எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்து, பகலிலேயே தோட்டத்துக்குப் போனேன். பால் நிறுத்து முடிந்து பெண்கள் லயத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு தோட்டம் ஒரு பலகை நட்டிருக்கிறது. டிராக்டரில் ஆட்கள் ஏறுவது கண்டிப்பாகத் தடை என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. அதனால் எல்லோரும் நடக்கிறார்கள். வெயிலென்றாலும் மழையென்றாலும் அவ்வளவு தூரமும், தோளில் கத்திப் பையும் கையில் வாளியுமாக. நான் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். ஒரு வயதான அம்மா மூச்சு வாங்க நின்று நின்று வந்தார்.

பின்னால் டிராக்டர் வந்தது. புது டிரைவர், புதுத் தாங்கி. நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். அந்த அம்மா பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். டிரைவர் முடியாது என்று தலையை அசைத்துவிட்டு, நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனான். வளைவில் இறங்கும்போது தாங்கிக்குள் பால் தடுப்பு ஏதுமில்லாமல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் அடிக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மற்றப் பெண்கள் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் அந்த அம்மாவின் வாளியை வாங்கிக்கொண்டேன்.